பூட்ஸும் சுவாமி அறையும்

எனக்கு ஆறு வயதில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது. அதில் துவண்ட வலது கால் துவண்டபடியே இருந்தது. அது கோணிக்கொள்ளாமல் இருக்க, டாக்டர் ஒரு தோல் பூட்ஸில் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பொருத்தி முழங்கால்வரை கட்டிவிட்டார். வெளியே போய்விட்டு கல்கத்தா பவானிபூர் வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா தன் செருப்பைக் கழற்றுவார். பிறகு குனிந்து என் பூட்ஸையும் கழற்றுவார். தோல் வீட்டுக்குள் வரலாமா? ஆசாரம் கெடாமல் நான் உள்ளே தவழ்ந்து போவேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகிக்கொண்டே போனது. அவர் பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தார். அடித்தோல் தேயவே இல்லை. அம்மாவுக்குப் புரியாத வங்காளத்தில் அப்பாவை அதட்டினார்.

"என்ன சொல்றார்?"

"வீட்லயும் நாள் முழுக்கப் போட்டுண்டிருக்கணுமாம். இல்லேன்னா கால் கோணலாவே நின்னுடுமாம்," என்றார் அப்பா.

டிராமில் அம்மா என் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என் மேலா, கால் மேலா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் வழக்கம்போல் காலை நீட்டினேன். அப்பா குனிந்தார்.

"தொடாதேங்கோ," என்றாள் அம்மா. "அவ அப்படியே உள்ள வரட்டும்."

டக் டக்கென்று நடந்தேன். அம்மா எனக்கு முன்னால் ஓடிப்போய் சுவாமி அறைக் கதவைச் சாத்தினாள். கதவில் கை வைத்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு திறந்துவிட்டாள்.