விண்ணப்பத்தில் எழுதிய கார்

மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க நாங்கள் காரில் போனோம். எங்களுக்கு ஏது கார்? திருவேற்காட்டில் இருந்ததே வாடகை வீட்டில். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் தோரணையைப் பார்த்துத்தான் சீட் தருவார்கள் என்று யாரோ என் மனைவியிடம் சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு பணக்காரரிடம் டிரைவர். அவரிடம் கேட்டேன்.

"ஓனர் ஊர்ல இல்ல சார். நானே இட்டுகினு போறேன், பெட்ரோல் மட்டும் போட்டுடு" என்றார். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கதவ நீ தொறக்காத சார். நான் வந்து தொறக்குறேன். அப்பத்தான் கெத்து" என்றார். என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விண்ணப்பத்தில் சொந்த வீடு, சொந்தக் கார் இரண்டுக்கும் நேராக நான்தான் டிக் அடித்தேன். சீட் கிடைத்தது. பூந்தமல்லி வட்டாரத்திலேயே என்னை மிஞ்சிய புத்திசாலி இல்லை என்று அன்றைக்கு ஒரு நினைப்பு.

ஆறு வருடம் எப்படியோ ஓட்டினோம். போன வருடம், திருமழிசையில் நான் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில், ஆர்டர் இல்லை என்று சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். அதே மாதம் முதலாளி வீட்டுக் கல்யாணம். வருகிற கார்களுக்கு இடம் காட்ட எங்களை மண்டப வாசலில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு காரும் என் ஐந்து வருடச் சம்பளம் இருக்கும். ஆர்டர் இல்லையாம்! ஆனாலும் பணிவாகத்தான் கையை ஆட்டினேன்.

ஐந்தாம் வகுப்புக் கட்டணம் கட்ட வழியில்லை. "வேன் வேணாம்ப்பா, நான் நடந்தே போறேன். ஸ்கூல மட்டும் மாத்தாதீங்க" என்று மகள் அழுதாள். கஷ்டப்படும் குடும்பங்களுக்குப் பாதிக் கட்டணம் என்று அந்தப் பள்ளியில் ஒரு சலுகை உண்டு. அதை விட்டால் வேறு கதி இல்லை. போனேன்.

அலுவலகத்தில் இருந்த அம்மா பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"சொந்த வீடு, சொந்தக் கார்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார். இது நிஜமாவே கஷ்டப்படறவங்களுக்கு."

அதே சலுகைக்காக, வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் என் பக்கத்தில் நின்றிருந்தாள். எது கேட்டாலும் உள்ளதைப் பளிச்சென்று சொன்னாள். நானும் அன்றைக்கு எழுதியது பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காரை வித்துட்டோம் மேடம்" என்றேன். பாழாய்ப்போன வாய்! இல்லாத காரை விற்கத் தெரிந்ததே தவிர, இல்லை என்று சொல்ல வரவில்லை.

"வீடு?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

டி.சி. வாங்கப் போன அன்று மகளும் கூட வந்தாள். மறுநாள் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அரசுப் பள்ளியில் அவளைச் சேர்க்க வேண்டும். வாசலில் அவளுடைய தோழியின் அம்மா ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"கங்கிராட்ஸ் சார்! கனடா போறீங்களாமே! உங்க பொண்ணு கிளாஸ் பூரா சாக்லேட் குடுத்துச் சொன்னாளாம்."

மகளைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப சார் கெளம்பறீங்க?"

"அடுத்த மாசம்" என்றேன்.