போதகரின் வெள்ளைக் கோட்டு

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே சண்டைக்குக் குறைவில்லை. அதில் பாதி ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கும். காரணம், அவர் ஊரார் துணியை உடுத்திக்கொண்டு வேதக்கோயிலுக்குக் கிளம்புவார்.

சிங்கப்பூரில் டிராம் வண்டி புதிதாக மணியடித்துக்கொண்டு ஓடிய காலம் அது. நாங்கள் சலவைத் தொழில் செய்தோம். நான் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கொடுப்பதை டோபி காட் ஓடையில் அவர் துவைத்து, புல்வெளியில் காயப்போட்டு, மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருவார். தேக்காவில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் நான் கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பேன். வாடிக்கைத் துணியை ஒரு நாள் உடுத்திப் பார்ப்பது எங்கள் தொழிலில் அநேகம் பேர் செய்கிற குறும்புதான். கசங்காமல் திருப்பிக் கொடுத்தால் பாவமில்லை என்று அவர் வாதாடுவார். எனக்கு அந்தத் துணியைவிட, அதைப் போட்டுக்கொண்டு அவர் சொன்ன பொய்தான் எரிச்சலாக இருந்தது. அன்னாசிக் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி என்று சபையில் சொல்லிவைத்திருந்தார். எழுதத் தெரிந்ததென்னவோ அவருடைய கையெழுத்து மட்டும்தான்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. ஊரில் என் மாமனார் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்துத் துணி வாங்கியவர். எந்த வீட்டிலும் அவரை உட்காரச் சொன்னதில்லை. இங்கே இந்தத் தமிழ்க் கோயிலில், யார் எவர் என்று கேட்காமல், இவருக்கு ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். தொழில் தெரிந்தால் அந்த இடம் போய்விடும் என்று பயந்தார்.

அவர் பயத்துக்கு நான் கட்டுப்பட வேண்டியதாயிற்று. சோடாவில் வெடித்த விரல்களையும் பெட்டி சுட்ட தழும்புகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். கிராணி பெண்டாட்டிக்கு ஏது அப்படிப்பட்ட கை? நாம் துவைக்கிறவர்கள் என்று இந்தக் கோயிலுக்குள் ஒரே ஒரு தடவை அவர் தன் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் என் ஜெபமே அதுதான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வயல் உள்ளவர்கள் விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கிற நாள். தேக்காவில் ஏது வயல்? அதனால் சபையைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார், அவரவர் கைவேலையிலிருந்து ஏதாவது ஒன்று கொண்டுவாருங்கள் என்று அறிவித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தச்சர் முக்காலி கொண்டுபோவார், பால்காரர் பால் கொண்டுபோவார், நாம் அழுக்கை எடுக்கிறவர்கள், எடுத்த அழுக்கையா கொண்டுபோய் வைக்க முடியும் என்று கேட்டார். கடைசியில் ஒரு பெரிய அன்னாசிப் பழம் வாங்கிவந்தார். கிராணிக்கு அது பொருத்தமாக இருக்குமாம்.

அன்று காலை அவர் போட்டுக்கொண்டது ஒரு வெள்ளைக் கோட்டு. சிலிகி ரோட்டு விடுதியிலிருந்து வழக்கமாக மூட்டை கொண்டுவருகிற வேலையாள் கொடுத்தது. யாரோ புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவருடையதாம். சனிக்கிழமை அதைக் கேட்டுத் திரும்ப வந்த அந்த வேலையாளிடம், இன்னும் காயவில்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்று இவர் கூசாமல் சொன்னார். நானோ வெள்ளிக்கிழமையே தேய்த்து வைத்திருந்தேன். அதில் இரண்டாவது பொத்தான் மட்டும் பழுப்பு. மற்றவை வெள்ளை. "இதை மட்டும் போடாதீங்க, பொத்தானைப் பார்த்தாலே யாருதுன்னு தெரிஞ்சுடும்" என்றேன். என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்?

பினாங்கிலிருந்து வந்த புதுப் போதகர் அன்றைக்கு எங்களுக்குப் பிரசங்கம் செய்தார். வியர்வை வழியும் முகமும் கனத்த கறுப்புக் கோட்டுமாக மேடையேறியவர், சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். தன்னிடம் இருப்பது இரண்டே கோட்டு என்றும், வெயிலுக்கு ஏற்ற வெள்ளைக் கோட்டு இன்னும் காயவில்லை என்று சலவைக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார் என்றும் சொன்னார்.

மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மடியிலிருந்த அன்னாசியை மார்புக்கு நேரே தூக்கிப் பொத்தானை மறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகரின் பார்வை அந்தப் பெஞ்சில் வந்து ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது. முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

போதகர் கைவேலையைப் பற்றித்தான் பேசினார். ஆண்டவர் ஊழியத்துக்கு வருமுன் எத்தனையோ வருஷம் தச்சுப் பட்டறையில் மரத்தூளோடு இருந்தவர், அந்த வருஷங்கள் வீணென்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் என் வீட்டுக்காரர் அன்னாசியோடு தப்பித்திருப்பார். போதகரோ, ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவியதைச் சொன்னார். பிறகு, "அத்தனை பேர் காலைத் துடைச்ச துண்டு எப்படி அழுக்காகியிருக்கும்? அதை யாரோ எடுத்துத் துவைச்சிருக்காங்க. அவங்க பேரு நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கோயிலுக்குப் போய்வந்தும் அந்தத் துண்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதை என் கையில் வாங்கித் தேய்த்த மாதிரி இருந்தது.

காணிக்கை வேளை வந்தது. ஒவ்வொருவராக எழுந்து போய் மேசைமேல் வைத்தார்கள். முக்காலி, பால் செம்பு, தையற்காரர் தைத்த குழந்தைச் சட்டை. என் வீட்டுக்காரரும் போய் அன்னாசியை வைத்தார். வைத்தவர் திரும்பவில்லை. பின்னாலிருந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் கோட்டைக் கழற்றினார். உள்ளே அவருடைய சொந்தப் பனியன், தோளில் நான் போட்ட ஒட்டுத் தையலோடு. அத்தனை பேர் முன்னால் நின்று, மேசையைக்கூடத் தொடாமல், அந்தரத்திலேயே கோட்டுக் கைகளைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்துப்பட்டி மேலே வரும்படி ஒரு சுருக்கமில்லாமல் கோட்டை மடித்தார். எந்தக் கிராணிக்கும் அப்படி மடிக்க வராது. அந்த மடிப்பிலேயே பாதிப் பேருக்கு விஷயம் விளங்கியிருக்கும். ஆனாலும் அவர் வாய் திறந்து சொன்னார்.

"ஐயா, இது உங்க கோட்டு. நான் கிராணி இல்லை, வண்ணான். துவைச்சது நான். தேய்ச்சது அவ." என்னைக் கை காட்டினார்.

போதகர் இறங்கி வந்து கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பழுப்புப் பொத்தான் உட்பட எல்லாவற்றையும் போட்டார். கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். "இன்னும் காயலைன்னு சொன்னாங்களே" என்றார். முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். அப்புறம் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சேர்ந்து சிரித்த சிரிப்பு வீதிவரை கேட்டிருக்கும். தச்சர் தன் மேல்துண்டை எடுத்து இவர் தோளில் போட்டு, கையைப் பிடித்து இழுத்து, அதே மூன்றாவது பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

பிறகு ஞானப்பாட்டு. எல்லாரும் எழுந்தோம். என் பக்கத்திலிருந்த உபதேசியாரின் மனைவி பாட்டுப் புத்தகத்தின் ஒரு பாதியைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.