பெறப்பட்டது என்ற பொய்

ராஜபாளையத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் காதர் பாயின் மூத்த மகள் மாஜிதா. கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் படித்தாள். கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை. காதர் பாய்க்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் விஜயபாண்டி நடத்துகிற கம்பெனியில் சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், மொபைல் கடைக்கு மேல்மாடி. கம்பெனி என்றால் பத்து நாற்காலி, ஒரு ஏசி.

தன் வேலையை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பாள் மாஜிதா. சொன்னால் புரியும். நான் சொல்கிறேன்.

போனில் ஒரு வெப்சைட்டைத் திறக்கிறோம். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிற சர்வர் என்ற புரோகிராம் நாம் அனுப்புவதை வாங்கிக்கொண்டு பதில் தருகிறது. அந்த சர்வருக்குத் தெரியாத வேலையை அது செய்ய வேண்டுமென்றால், தனியாக ஒரு பாகம் செய்து அதில் மாட்ட வேண்டும். அந்தப் பாகத்துக்குப் பெயர் மாட்யூல். மாஜிதா அதை சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் எழுதுவாள். எழுதுவது மனுஷன் படிக்கிற எழுத்து. அதை மிஷின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல் பண்ணுவது. மாற்றிய பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து ஒருத்தருக்கும் தெரியாது. அயோக்கியத்தனம் நடந்தது அந்த இருட்டில்தான்.

ராஜபாளையம் பக்கத்து நூல் மில் ஒன்று. நூல் வாங்குகிற வெளிநாட்டுத் துணிக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது: ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகள் போனிலேயே புகார் கொடுக்க வழி வேண்டும், அந்தப் புகார் மில் கையில் படாமல் நேரே எங்கள் சென்னை ஆபீசுக்கு வர வேண்டும். மில் அந்த வேலையை விஜயபாண்டியிடம் கொடுத்தது. விஜயபாண்டி மாஜிதாவிடம் கொடுத்தார். புகார் கொடுத்தவள் யாரென்று மில்லுக்குத் தெரியாதபடி மறைத்து, சென்னைக்கு அனுப்புகிற மாட்யூலை மாஜிதா எழுதினாள். ஒழுங்கான வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு ஒருநாள் சுடலையம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். கான்சாபுரத்துக்காரி. அவள் மகள் பானுப்பிரியா அந்த மில் ஹாஸ்டலில் தங்கி, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினில் நிற்கிறாள். நான் தொழிற்சங்கத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் மில்லில் ஒன்று என்றால் இன்னும் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

"அண்ணாச்சி, எம்புள்ள கை இன்னைக்குப் போயிருக்கும். மிஷினு பெல்ட்டுக்கு மூடி இல்ல. துப்பட்டாவ இழுத்துட்டுப் போயிருச்சு. கூட நின்ன புள்ள கத்தரிச்சு விட்டுருக்கா."

"புகார் குடுத்தாளா?"

"ஒரு தடவையா ரெண்டு தடவையா? அம்புட்டுத் தடவையும் 'பெறப்பட்டது'ன்னு போன்ல வருது. எந்தப் பய வந்து பாத்தான்? இப்பவும் அதே மிஷினுல நிக்கச் சொல்லுதானுவ. நாளைக்குக் காலையிலயும் அவ அங்கதான் நிக்கணும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மூடி போட ஒரு தகரமும் நாலு போல்ட்டும் போதும். மூடி போட்டால் பஞ்சு அடைக்கும்போது கழற்றி மாட்ட நேரம் ஆகிறதாம், உற்பத்தி குறைகிறதாம். அதற்காக ஒரு பெண்ணின் கையை வைத்து ஓட்டுகிறார்கள். புகார் வழியைச் செய்தது காதர் பாய் மகள் மாஜிதா என்று சொல்லி, சுடலையம்மாளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

மாடிப்படி ஏறியதும் சுடலையம்மாள் கேட்ட முதல் கேள்வி, "இங்க மாஜிதா யாருட்டி?"

"நான்தான்கா."

"நீதான் அந்தப் புகார்ப் பெட்டிய செஞ்சவளா? எம்புள்ள போட்ட புகார எங்க கொண்டு போயி முழுங்குன?"

"நான் முழுங்கலக்கா. எழுதும்போது சென்னை வரைக்கும் அனுப்பிப் பாத்துட்டுத்தான் மாட்டுனேன். செத்த இருங்க, பாக்கேன்."

பார்த்தாள். அவள் மாட்டிய மாட்யூல் சர்வரில் இல்லை. அதே பெயரில் வேறொன்று இருந்தது. அவள் எழுத்திலிருந்துதான் கம்பைல் ஆகியிருந்தது, ஆனால் அவள் கம்பைல் பண்ணவில்லை. மாஜிதா எழுந்து விஜயபாண்டி அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சார், மில் சர்வர்ல டெமோவ யாரு போட்டது?"

டெமோ என்றால் இதுதான். அந்த மொழியில் வேலைகளை ஆள் ஆளாகப் பிரித்து எழுதலாம். 'அனுப்பு' என்று சொன்னால் அனுப்புகிறவன் அனுப்புவான். ஆனால் சோதனை செய்கிற ஒவ்வொரு முறையும் சென்னை ஆபீசுக்குப் பொய்ப் புகார் போகக் கூடாதல்லவா? அதற்காக மாஜிதா இன்னொருவனையும் எழுதி வைத்திருந்தாள். போலி. 'அனுப்பு' என்றால் அவனும் 'பெறப்பட்டது' என்பான், எதையும் அனுப்ப மாட்டான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. எவனை உள்ளே வைப்பது என்பது கம்பைல் பண்ணும்போது ஒரு வரியில் முடிவாகிறது. இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். போலி உள்ளே இருக்கிற மாட்யூல்தான் டெமோ. சோதனை முடிந்ததும் போலியை வெளியே எடுத்துவிடுவார்கள்.

விஜயபாண்டிக்கு முகம் கூட மாறவில்லை. "நான்தாம்மா போட்டேன். மில் மேனேஜருக்கு டெமோ காட்டப் போனேன். பாத்துட்டு, இதுவே நல்லாத்தான இருக்கு, இதையே விட்டுருங்கன்னாரு. விட்டுட்டேன்."

"அது எங்கயும் போகாது சார்!"

"கஸ்டமர் கேட்டதக் குடுக்கேன். உனக்கென்ன வந்துச்சு?"

கஸ்டமர்! மிஷின் முன்னால் நிற்கிறவள் கஸ்டமர் இல்லை. கை அவளுடையது, புகார் அவளுடையது. ஆனால் கஸ்டமர் என்றால் மேனேஜர்தான். அந்தக் காலத்தில் புகார் எழுதிப் போட்டால் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். குப்பையில் கிடப்பதை நாங்கள் எடுத்துக் காட்டிக் கேட்போம். இவர்கள் கிழிக்கவும் இல்லை. நன்றி, பெறப்பட்டது என்று சொல்லிவிட்டு ஒன்றுமில்லாமல் ஆக்குகிறார்கள்.

சுடலையம்மாளுக்கு மாட்யூலும் தெரியாது, டெமோவும் தெரியாது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. "அப்போ எம்புள்ள இம்புட்டு நாளும் செவுத்துகிட்டப் பேசிட்டு இருந்துருக்கா. அப்படித்தான?"

மாஜிதா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். தான் முதலில் கம்பைல் பண்ணிய பழைய மாட்யூலைத் தூக்கி மாட்டிப் பார்த்தாள். சர்வர் ஏற்கவில்லை. இடையில் சர்வரைப் புதுப்பித்திருக்கிறார்கள். எந்த சர்வரில் ஓட வேண்டுமோ அதற்கேற்ற மாதிரி கம்பைல் பண்ணினால்தான் மாட்டும். புதிதாகத்தான் பண்ண வேண்டும்.

"எம்புட்டு நேரந்தா ஆகும்?" என்றாள் சுடலையம்மாள்.

"பொறுங்கக்கா. முதல்ல அந்தப் போலியவே தூக்கிடுதேன். அவன் இருந்தாத்தான இன்னொருக்க மாட்டுவாங்க."

ஒரு வரியை மாற்றினால் போதும். அவள் அந்தப் போலியை எழுதிய பகுதி முழுவதையும் அழித்தாள். அழித்துவிட்டுக் கம்பைல் கொடுத்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"கெட்டுப் போச்சா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. அவன் எங்கெல்லாம் வேல பாத்தானோ அங்கெல்லாம் ஆளக் காணோம்னு கத்துது." சொல்லிக்கொண்டே படித்தவள் நிறுத்தினாள். "நான் அவன ஒரு எடத்துலதான் வச்சேன். ரெண்டு எடத்துல கத்துது."

விஜயபாண்டி அறையிலிருந்து வந்தார். "மாஜிதா, எந்திரி. அத மூடு."

அவள் மூடவில்லை. இரண்டாவது இடத்தைத் திறந்தாள். ஹாஸ்டல் பிள்ளைகள் ஊருக்குப் போக லீவு கேட்கிற பக்கம் அது. அந்தப் பக்கத்தை எழுதியது விஜயபாண்டி. லீவு கேட்டால் அதன் நகலும் சென்னைக்குப் போக வேண்டும் என்பது விதி. மறுத்தால் மில் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதே சென்னைக்குத் தெரியாது என்றால் யாருக்குக் காரணம் சொல்வது? மாஜிதா சோதனைக்கு எழுதிய பொய்யனை எடுத்து இங்கேயும் உட்கார வைத்திருக்கிறார்.

மாஜிதா சுடலையம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, பானுப்பிரியா ஊருக்கு வரணும்னு லீவு கேட்டுருந்தாளா?"

"'பங்குனிப் பொங்கலுக்குக் கேட்டேன், குடுக்கல'ன்னா. நான் நம்பல. நீ கேட்டுருக்கவே மாட்டட்டி, ஒனக்கு ஆத்தா வேண்டாம், அங்க சோக்கா இருக்குன்னு ஏசுனேன்." சுடலையம்மாள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு விஜயபாண்டியைப் பார்த்தாள். "நீயும் ஒரு ஆத்தா வயித்துலதான வந்த?"

"ஏய், கிழவி, வெளிய போ. இது ஆபீசு."

"ஆபீசுன்னா கதவுல எழுதிப் போடுங்க, புகார் முழுங்குற ஆபீசுன்னு," என்றேன். "சென்னை ஆபீசுக்குப் பஸ் ஏற எனக்கும் தெரியும். தொடச்சுட்டுப் போக நீங்க நெனச்சாலும் முடியாது."

"மாஜிதா, இப்ப நீ எந்திரிக்கல, நாளைக்கு வர வேண்டாம்."

"நாளைக்கு வரல சார். இன்னைக்கு இத முடிச்சுட்டுப் போறேன்."

இரண்டு இடத்திலும் உண்மையாக அனுப்புகிறவனை வைத்தாள். மறுபடி கம்பைல். இந்த முறை திரை கத்தவில்லை. மாட்யூலை மாட்டி சர்வரை நிறுத்தி ஓட விட்டாள். விஜயபாண்டி மில்லுக்குப் போன் போட்டுக்கொண்டே வராந்தாவில் நடந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டரை விட்டுவிட்டால் மில் போகும், மில் போனால் இவர் போவார். அவருக்குப் பயம் அது ஒன்றுதான். கை ஞாபகமே இல்லை.

சுடலையம்மாள் மகளுக்குப் போன் போட்டாள். "ஏட்டி பானு, இப்பப் போடு. மூடி இல்லன்னு போடு. இந்த அக்கா சொல்லுதா, கேட்டுக்க."

மாஜிதா போனை வாங்கினாள். "போட்டாச்சா? என்ன வந்துச்சு?"

"பெறப்பட்டதுன்னுதான் வருது. எப்பவும் போலத்தான்கா வருது."

"அத நம்பாத. ஒரு நம்பர் தாரேன், சென்னை ஆபீசு. கூப்புட்டு, எம்புகார் வந்துச்சா, படிச்சவுக யாரு, பேரச் சொல்லுங்கன்னு கேளு. பேரு சொன்னாத்தான் வந்துருக்குன்னு அர்த்தம்."

"அவியகிட்ட நான் எப்படிக்கா கேப்பேன்?"

"ஒன் கைதான? கேளு."

கேட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். கார்த்திகா என்று ஒரு அம்மா எடுத்தார்களாம், புகார் கண் முன்னால் இருக்கிறதாம், மில்லில் இருந்து இத்தனை மாதமாக ஒரு புகாரும் வராததால் எல்லாம் நன்றாக இருக்கிறதென்று நினைத்தார்களாம். புகாரே வராத நூல் மில்! இதை நம்புகிறவர்களைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இருந்தாலும் அன்று சாயங்காலமே அந்த மிஷினை நிறுத்தச் சொன்னார்கள். நின்றது. மறுநாள் தகரமும் போல்ட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டன. இத்தனை நாள் எங்கே இருந்தன?

மேனேஜர் இன்னும் மேனேஜராகத்தான் இருக்கிறார். விஜயபாண்டி வேறு மில்லுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். மாஜிதாவுக்கு வேலை போனது. இப்போது வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு மாட்யூல் எழுதுகிறாள்.

ஆனால் ஹாஸ்டலில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்தப் பிள்ளை புகார் போட்டாலும், லீவு கேட்டாலும், பக்கத்துப் பிள்ளை உடனே சென்னைக்குப் போன் போட்டு, வந்துச்சா, படிச்சது யாரு, பேரு என்ன என்று கேட்கிறாள். பிள்ளைகளுக்கு வாய் கூடிப் போச்சு என்று மேனேஜர் புலம்புகிறாராம்.

கூடட்டும்.