தட்டைத் தாங்கிய கை

பழைய கட்டுப்பாடு மாறாத கிறிஸ்தவச் சபையாரின் லங்காஸ்டர் பண்ணை வீடுகளில் வூப்பி பை சுடாத அடுப்பு கிடையாது. உள்ளங்கை அகலத்தில் கறுப்பு கேக் இரண்டு, நடுவில் விரல் கனத்துக்கு வெள்ளை க்ரீம். ஃபேனி லாப் தன் கணவர் அமோஸின் சாப்பாட்டு டப்பாவில் முப்பத்தெட்டு வருஷம் தினம் ஒன்று வைத்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனுஷர் அவர். டப்பா காலியாகத் திரும்பினால் அதுதான் பாராட்டு.

மூத்த மகள் ஸலோமா ஞானஸ்நானம் பெற்ற பிறகு சபையை விட்டுப் போய் நகரத்தில் நர்ஸானாள். சபை அவளை விலக்கி வைத்தது. விலக்கப்பட்டவள் வீட்டுக்கு வரலாம், தனி மேசையில் சாப்பிடலாம். அவள் கையிலிருந்து மட்டும் எதையும் வாங்கக் கூடாது. மேசையில் வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். பதினோரு வருஷம் ஃபேனி அப்படித்தான் எடுத்தாள். பெற்ற வயிறு எரிந்தது, விதியை மீறவில்லை.

அமோஸை அடக்கம் செய்த அன்று, சாப்பாட்டு வேளையில், ஸலோமா தட்டு நிறைய வூப்பி பையோடு சமையலறைப் படியேறினாள். கால் இடறியது. சாய்ந்த தட்டை ஃபேனியின் இரண்டு கைகளும் தாமாகவே போய்த் தாங்கின.

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஸலோமா சமாளித்து நின்றுவிட்டாள்.

"அவதான் நின்னுட்டாளே, கைய எடு அண்ணி," என்றாள் அமோஸின் தங்கை பார்பி. "தவறிப் போச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இந்த முட்டி வலிய வச்சுக்கிட்டு சபையில மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"விடும்மா," என்றாள் மகள் மெல்ல. "நான் மேசையில வச்சிடுறேன். அப்பாவுக்குப் புடிக்குமேன்னு சுட்டேன், அவ்வளவுதான்."

ஃபேனி விடவில்லை. மகளின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தாள். க்ரீம் ஃபேனியின் சொந்தப் பக்குவமேதான். அழுதுகொண்டே தின்று முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே மண்டியிட்டாள்.

"கை தவறித்தானேம்மா பட்டுச்சு?" அவள் தப்பிக்க பிஷப் வழி காட்டிவிட்டார்.

"தாங்கினது தவறி. வாங்கினது தெரிஞ்சுதான்."

"வருத்தப்படுறியா?"

"பதினோரு வருஷமா வாங்காம இருந்தேனே, அதுக்கு வருத்தப்படுறேன்."

மன்னிக்கப்பட்டவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது சபை வழக்கம். அன்று ஒருவரும் கை நீட்டவில்லை. ஃபேனி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள்.