பின்னிருக்கையிலிருந்து எழுதியவர்

செய்தி எனக்குக் குழுவில்தான் வந்தது. எங்கள் கரையோர ஊர்களின் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் முகநூலில் வைத்திருக்கும் குழு அது. பொத்துவில் வரை போய்வந்த பிறகு செயின் தொங்குகிறது, என்ன செய்யலாம் என்று யாரோ கேட்டிருந்தார். இரண்டு பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே புதிதாகத் தாஹிர் மாமாவின் படமும் "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்ற, மரணத்துக்குச் சொல்லும் வரியும் இருந்தன. நான் அட்டாளைச்சேனையில் பாடசாலை ஆசிரியர் அறையில் இருந்தேன். உம்மாவின் அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. "தெரியும் உம்மா" என்று மட்டும் சொன்னேன்.

முகம்மது தாஹிர் என் உம்மாவின் கடைசித் தம்பி. ஐம்பது வயதை எட்டவில்லை. நீர்ப்பாசன வேலைகளில் கள மேற்பார்வையாளராக இருந்தார். வாய்க்கால் கட்டுகளிலும் வயல் வரம்புகளிலும் மோட்டார் சைக்கிளில் திரிவதுதான் அவருடைய உத்தியோகம். அவரை அறியாதவர்களுக்கு அவ்வளவும் போதும். அறிந்தவர்களுக்கு அவர் வேறு ஆள். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க நினைக்கிற எவரும் முதலில் அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள்.

முதலில் அவர் ஓடியது தன் வாப்பாவின் பழைய நைன்டி, தொண்ணூறு சிசி. பிறகு கைமாறி வந்த, காட்டுப்பாதையில் ஓடும் உயரமான ட்ரெயில் பைக் ஒன்று, அதன் பிறகு ஒரு நூற்றைம்பது சிசி, நடுவில் யாருக்கும் சொல்லாமல் வாங்கி யாருக்கும் சொல்லாமல் விற்ற ஒரு பெரிய இரட்டைச் சிலிண்டர். ஒவ்வொன்றையும் விற்கும்போது வாங்க வந்தவரை அமர்த்தித் தேநீர் கொடுத்து, அதன் குறைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்வார். மூன்றாவது கியர் சிலவேளை ஏறாது. மழையில் பிளக் நனையும். வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

"விக்கப் போறீங்களா, காட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்பார்.

குழுவில் அவர் எழுதியவையும் அப்படித்தான். மற்றவர்கள் தங்கள் சைக்கிளின் படத்தைக் கடற்கரையில் நிறுத்தி எடுத்துப் போட்டுப் புகழ்வார்கள். மாமா அவற்றை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். "சொந்தச் சைக்கிளப் பத்தி எழுதுறவன் மாப்பிள்ள ஊட்டாரு மாதிரி, மகள். குறை இரிக்கும். வாயில வராது."

சீனி வியாதி அவருக்கு முப்பதுகளிலேயே இருந்தது. எங்கள் வீடுகளில் அது ஒரு செய்தியே அல்ல. முதலில் இடக்கண் மங்கியது. பிறகு வலக்கண். ஒருநாள் பகலில், பிரதான வீதியில் குடையோடு கடந்த ஒரு பெண்ணை அவர் காணவில்லை. அந்தப் பெண் கத்திய பிறகே பிரேக் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, சாவியை மாமியின் கையில் வைத்தார். "இனி நான் ஓடினா அது குத்தம்" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் கைபிடியைத் தொடவில்லை.

சிறுநீரகமும் போன பிறகு, இரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் இரண்டு நாள் வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. குழுவிலிருந்த இருவர் அவரைக் கூட்டிப்போகும் வேலையை முறை வைத்து ஏற்றார்கள். ஒருவர் தம்பிலுவிலைச் சேர்ந்த சுதாகரன். மற்றவர் நற்பிட்டிமுனை றிஸ்வான். இருவரும் மாமாவைவிட இளையவர்கள். போகும்போது சைக்கிளில் பின்னுக்கு ஏற்றிப் போவார்கள். வரும்போது களைப்பு அதிகமாக இருக்கும், ஆட்டோவில் வருவார்.

முதல் நாள் வந்து படுத்தவர் என்னைக் கூப்பிட்டார். கண் போன பிறகு அவருக்காகக் குழுவில் எழுதிப் போடுவது நான்தான். அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

"எழுதுங்க மகள். நான் இதுவரைக்கும் எழுதினதெல்லாம் அரைவாசிதான் எண்டு எழுதுங்க."

பின்னிருக்கை எந்தப் பக்கம் சரிகிறது, கால் வைக்கும் கட்டை எவ்வளவு உயரத்தில் இருந்தால் முழங்கால் நோகும், முன்னால் இருப்பவனுக்குத் தெரியாத குழி பின்னால் இருப்பவனின் முதுகில் எப்படி ஏறும் என்று சொல்லிக்கொண்டே போனார். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவாமலேயே வாசலுக்கு வந்தார்.

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் இருந்த இடம் அது. இப்பதான் விளங்கிச்சா?"

"அப்ப சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாத்தானே சொல்றத்துக்கு."

மாமா மாமியை இருக்கச் சொல்லி, தான் வைத்திருந்த ஒவ்வொரு சைக்கிளைப் பற்றியும் கேட்டார். மாமி சொன்னார். நைன்டியில் இருந்தால் பிடிக்க இடமில்லை. ட்ரெயில் பைக்கில் ஏற ஒரு கதிரை வேண்டும். இரட்டைச் சிலிண்டரை விற்ற அன்று தான் நன்றிக்காக இரண்டு ரக்அத் தொழுததாகவும் சொன்னார். அதையும் அப்படியே போடச் சொன்னார் மாமா. அந்தப் பதிவின் கீழேதான் முதன்முதலாகப் பெண்கள் எழுதினார்கள். நிந்தவூரிலிருந்து ஒருவர், அபாயாவின் ஓரம் செயினில் சிக்கி விழுந்ததை எழுதியிருந்தார். மாமா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

அந்த மாதங்களில் அவர் நோயாளியாக இருக்கவில்லை. யாருடைய சைக்கிளில் போனாலும், போய் வந்து அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்று இருந்தது. அது ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருந்தது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிறகு அவர் மெலிந்தார். சுதாகரனின் கைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏற்றும்போது பாரம் இல்லை. அவரும் றிஸ்வானும் பேசிக்கொள்ளாமலே மெதுவாக ஓடத் தொடங்கினார்கள். குழிகளைச் சுற்றிப் போனார்கள். இரண்டாவது கியருக்கு மேலே ஏற்றவில்லை. அன்பினால் செய்தார்கள். வேறு எதனாலும் இல்லை.

எழுதச் சொல்லி மாமா என்னைக் கூப்பிடுவது நின்றது. ஒருநாள் வாசலில் வைத்துச் சுதாகரனிடம் கேட்டார்.

"இண்டைக்கு எந்தச் சைக்கிள்?"

"புதுசு மச்சான். போன கிழமைதான் எடுத்தது. எப்பிடி?"

"தெரியல்ல. எல்லாச் சைக்கிளும் இப்ப ஒரே மாதிரி ஓடுது."

சுதாகரன் சிரிக்கப் பார்த்தார்.

"சிரிக்காத. என்ன நீங்க ஏத்திட்டுப் போறது அரிசி மூட்டையா? மூட்டைக்கு எந்தச் சைக்கிளா இருந்தா என்ன?"

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு றிஸ்வான் தன் ட்ரெயில் பைக்கோடு வந்தார். மாமாவை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "காக்கா, ஏறுங்க. கிட்டங்கிப் பக்கம் போவம். நான் ஓடுற மாதிரித்தான் ஓடுவன்." மாமி வேண்டாம் என்றார். மாமா ஏற்கெனவே எழுந்து நின்றார்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னர் திரும்பினார்கள். மாமாவின் முகத்தில் தூசும் சேறும் இருந்தன. இறங்க முன்னரே கதைக்கத் தொடங்கிவிட்டார். தாம்போதியின் தாழ்ந்த வீதிக்கு மேலால் நீர் ஓடும்போது பின்சில்லு எப்படி ஒருதரம் வழுக்கி மறுபடி பிடித்தது, வயல்வெளிக் காற்று எந்த வேகத்தில் காதுக்குள் மாறியது, றிஸ்வான் வளைவில் தோளை எப்படி இறக்குகிறான் என்று. நான் ஒன்றைத் தட்டச்சிட்டு முடிக்குமுன் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். அவர் எனக்குச் சொன்னவற்றில் அதுதான் மிக நீளமானது. அன்றிரவு குழு முழுவதும் அதை வாசித்தது.

தொழுகைக்கு வுளூ செய்ய மாமி அவருடைய காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். களிசானின் வலது கால் கெண்டைக்காலோடு ஒட்டியிருந்தது. மாமி துணியை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

ட்ரெயில் பைக்கின் சைலன்சர் உயரமானது. பின்னால் இருப்பவரின் கால் படாமல் இருக்க அதன் மேல் ஒரு தகடு உண்டு. றிஸ்வானின் சைக்கிளில் அது கழன்று எவ்வளவோ காலம். தனியாக ஓடுபவருக்கு அதன் தேவை இருக்கவில்லை. பின்னால் இருந்து பழகிய எங்கள் பெண்கள் எல்லோரிடமும் அந்தச் சூட்டின் வடு ஒன்றாவது இருக்கும். பட்டவுடன் காலை எடுத்துவிடுவோம். மாமாவின் கால்களைச் சீனி வியாதி எப்போதோ மரக்கச் செய்துவிட்டது. கிட்டங்கி போய் வரும்வரை அவர் கால் அந்த இரும்பின் மேலேயே இருந்திருக்கிறது. அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

புண் ஆறவில்லை. பாதம் கறுத்தது. காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகும் கிருமி இரத்தத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

றிஸ்வான் வார்ட்டுக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாமிக்கும் எனக்கும் அவரோடு என்ன கதைப்பதென்று தெரியவில்லை.

"ஆரு?" என்றார் மாமா.

"நான்தான் காக்கா."

"சைக்கிள் எங்க?"

"வித்துட்டன்." றிஸ்வான் கட்டில் கம்பியைப் பிடித்தார். "அதப் பாக்க ஏலாம இருந்திச்சு. வந்தவனுக்குக் குடுத்துட்டன்."

"தகடு போட்டா குடுத்த?"

"இல்ல காக்கா."

"அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா? அவன்ட பின்னுக்கு ஆருடா ஏறப்போறா?" மாமா எழும்பப் பார்த்தார், முடியவில்லை. "போ. போய்ப் போட்டுக் குடுத்துட்டு வா. அழுறத்துக்குப் பொறகு டைம் இரிக்கி."

றிஸ்வான் போன பிறகு என்னைத் தேடிக் கையை நீட்டினார். "மகள், கிட்டங்கி போனதப் பத்தி எழுதினதில ஒரு குறை உட்டுப் போச்சு. அதையும் சேருங்க. நல்ல சைக்கிள்தான். சைலன்சருக்குத் தகடு இருந்தா மட்டும் பின்னுக்கு ஆள ஏத்துங்க எண்டு எழுதுங்க."

அன்றே சேர்த்தேன். அதற்குக் கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

வாங்கியவரைத் தேடிப் பிடித்துத் தகட்டைப் போட்டுவிட்டதாக இரண்டு நாள் கழித்து றிஸ்வான் சொன்னார். நான் அதை மாமாவின் காதில் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் அவருக்கு எங்களில் எவரையும் தெரியவில்லை. நல்லது நடந்தது என்று ஆறுதல் கொள்ள நான் முயன்று பார்த்தேன். முடியவில்லை. மெதுவாக ஓடியபோது அவர் உயிரோடு இருந்தபடியே இல்லாமல் போனார். அவர் விரும்பியபடி ஓடியபோது இறந்து போனார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று றிஸ்வானிடம் கேட்டேன். "எழுதுங்க ராத்தா. மறைச்சா காக்காக்கு ஆகாது" என்றார்.

ஜனாஸா அஸருக்குப் பிறகு எடுக்கப்பட்டது. பெண்கள் நாங்கள் கேற்றடியோடு நின்றோம். உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கத்தை றிஸ்வான் ஒரு தோளில் தாங்கியிருந்தார். சுதாகரன் செருப்பில்லாமல் பக்கத்தில் வந்தார். ஜனாஸாவைத் தாமதிக்காமல் கொண்டு போவது எங்கள் வழக்கம். அவர்கள் ஏறக்குறைய ஓடினார்கள். தோள் மாற்றும்போதுகூட நிற்கவில்லை. ஒழுங்கையின் முடக்கில் சந்தூக் ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்து மறைந்தது.

உள்ளே, கணவனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த மாமி என்னைக் கூப்பிட்டார்.

"மெதுவாக் கொண்டு போறாங்களா?"

"இல்ல மாமி. வேகமாத்தான் போறாங்க."

மாமி தலையை ஆட்டினார்.

மாமா, உங்கள் கப்றுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கட்டும். அங்கே உங்களுக்கு வெளிச்சம் தரட்டும். இதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.