கெசியாவின் ஆமென்

மான்செஸ்டர் சாலையில் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், கெசியா எண்ட்விஸ்ல் நடத்திய விடுதியில் ஜெபம் சொல்லாமல் யாரும் கரண்டியைத் தொட்டதில்லை. பெரிய சீமாட்டியானாலும் கண்ணை மூடித்தான் ஆகவேண்டும். கெசியா மெதடிஸ்து சபைக்காரி. சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. குதிரை மாற்றும் நேரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

பிறகு நீராவி வண்டி வந்தது. சாலையில் புல் முளைத்தது. ஆனால் எஞ்சினுக்கும் தாகம் உண்டல்லவா? அவள் தோட்டத்துக்குக் கீழேயே தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். கர்த்தர் வழி திறந்தார் என்று மகிழ்ந்து, தண்டவாளத்தருகே மேசை போட்டு, பட்டாணி சூப் காய்ச்சி வைத்தாள்.

கூரையில்லாத பெட்டிகளிலிருந்து கரிமுகத்தோடு ஜனங்கள் குதித்து ஓடிவந்தார்கள். கெசியா கையை உயர்த்தினாள்.

“தொப்பியக் கழட்டுங்கப்பா. முதல்ல ஜெபம்.”

விதைத்தவனுக்கும் அறுத்தவனுக்கும் நன்றி சொல்லி, புது ராணிக்காக வேண்டி, நோயாளிகளிடம் வருவதற்குள் வண்டி புறப்படும் மணி அடித்துவிட்டது. அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு ஓடினார்கள். தினமும் இதே கதை. சூப்பெல்லாம் பன்றித் தொட்டிக்குப் போயிற்று.

“உன் ஜெபத்துல கொழுத்தது நம்ம பன்னிங்கதான்,” என்றான் கணவன் ஜேபஸ். பழைய வண்டிக்காரன், எஞ்சினைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “இப்படியே போனா மிக்கேல் திருநாளுக்குக் குத்தகை கட்ட முடியாம விடுதிய ஒப்படைக்கணும்டி. ஜெபத்தை விட்டுத்தொலையேன்.”

“விடுதிய வேணா விடுறேங்க. அத விடமாட்டேன்.”

அன்றிரவு முழங்காலில் நின்று அழுதாள். காலையில் எஞ்சின் ஓட்டுகிற ஈனாக்கிடம் போனாள்.

“தம்பி, தொட்டிக்கு முன்னால வர்ற அந்த வளைவுல திரும்பறப்போ நல்லா ஊதுவியா?”

“எதுக்கும்மா? மாடு நிக்குதா?”

“நான் நிக்கிறேன்.”

மறுநாள் ஊதல் கேட்டதும், மேசையருகே தனியாகக் கண்ணை மூடி ஆரம்பித்தாள். நன்றி, ராணி, நோயாளிகள், கடலில் போகிறவர்கள், ஒன்றையும் குறைக்கவில்லை. வண்டி பெருமூச்சு விட்டு நின்றபோது, “ஆமென்” என்றாள். சூப்புக்குப் பதிலாக, கையோடு எடுத்துப்போகிற கறி அப்பம்.

“ஆமென், ஆமென்! எனக்கு ரெண்டு!” என்றான் ஒரு நெசவாளி.

கூடை காலியாயிற்று. அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு ஜேபஸே வந்தான், எஞ்சினுக்கு முதுகைக் காட்டியபடி.

“பாக்க வரல. அப்பம் ஆறுதுன்னு வந்தேன்.”

மிக்கேல் திருநாள் வந்தது. விடுதி கெசியாவிடமே இருந்தது. நாளடைவில், அந்த வளைவில் ஊதல் கேட்டாலே வண்டியிலிருப்பவர்கள் தொப்பியைக் கழற்றத் தொடங்கினார்கள். புதிதாக ஏறியவர்கள், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, தாங்களும் கழற்றினார்கள்.