மகனுக்காக எழுதியதாம்

போர்க்காலத்தில் அத்தான் எழுதிய கடைசி இசையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவரைப் புகழ ஊரே இருக்கிறது. நான் என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா வாயில்லாப்பூச்சி. ராணுவக் கோட்டு தைக்கிற கூடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷின். காலர் என் வேலை, பட்டன் துளை அவள் வேலை. முடியாததை மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அவள் புருஷன் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசை எழுதும் மேதை. மேதைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. இருக்கிற கரியெல்லாம் அவர் குளிர்காயப் பியானோ அறையில் எரியும். அக்கா சுவருக்கு இந்தப் பக்கம், சமையலறையில், விரல் விறைக்க உட்கார்ந்து தைப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகன். எந்நேரமும் சீட்டியடிப்பதால் விசில் என்றே கூப்பிடுவோம். அப்பா பியானோவில் தட்டித் தட்டித் தேடும் மெட்டை, படியிறங்கும்போதே சீட்டியில் முடித்துவிட்டுப் போவான். அத்தானுக்கு அது ஆகவே ஆகாது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவனைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவனை மீட்க வழி இருந்தது. ராணுவ அலுவலகத்துப் பெரிய அதிகாரிக்கு அத்தானின் இசை என்றால் உயிர். வாரம் தவறாமல் வருவார். அக்கா வீட்டு ரேஷன் சர்க்கரையை டீயில் கொட்டிக் குடித்துவிட்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் சொன்ன ஒரு வார்த்தையில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் போர்முனையை விட்டுக் கிடங்கு வேலைக்கு மாறியிருந்தார்கள். அவரிடம் சொல்லச் சொல்லி அக்கா அத்தானைக் கெஞ்சிப் பார்த்தாள். கையில் இருக்கும் இசை முடியட்டும், சொல்கிறேன் என்பார் அத்தான். கடைசியில் நானே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"சொல்றேன்மா. இப்பதான் வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு."

சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று இருந்தது.

ஒருநாள் அக்கா மெஷினுக்கு வரும்போதே முகத்தில் ஒரு களை. இசை முடிந்துவிட்டதாம், கடைசிப் பகுதி ஒரே அழுகையாம், சுவர் வழியாகக் கேட்டாளாம். இனி விசில் வந்துவிடுவான் என்றாள். அந்த வாரமே அத்தான் அதிகாரியிடம் வாய் திறந்தார். கச்சேரிக்கு ஒரு மண்டபமும் பட்டாளத்தில் இருந்த நல்ல வயலின்காரர்களும் வேண்டும் என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது விசில் இறந்த செய்தி வந்தது.

இரவில் விளக்கு போடக்கூடாது என்று தடை. அதனால் கச்சேரியைப் பட்டப்பகலில் வைத்தார்கள். தொடங்குமுன் அத்தான் மேடையேறி, இது என் மகனுக்காக எழுதியது என்று தழுதழுத்தார். மண்டபமே மூக்கைச் சிந்தியது. முடிந்ததும் மேடையிலிருந்து கை நீட்டி, அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். பெற்ற அப்பாவின் கண்ணீர் என்றார் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி. அக்கா எழுந்தாள். பிறந்ததிலிருந்து அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"இதை அவர் முடிச்சப்போ என் பிள்ளை உயிரோட இருந்தான்."

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தானுக்கும் கேட்டது. அக்காவை ஒரு கணம் பார்த்தார். பின்வரிசையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாகத் திரும்பி, மறுபடி குனிந்து வணங்கினார்.